ஜோடி விலை

வெளிச்சத்தை விற்றுத் தின்றவன்டா நீ. ஆட்டை விற்றவன் இருக்கிறான், மாட்டை விற்றவன் இருக்கிறான், பெண்டாட்டி தாலியை விற்றுக் குடித்தவனும் இருக்கிறான். அக்கா புருஷன் மல்லாந்து படுத்து உன்னை நம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்த வெளிச்சத்தையே விலை பேசி விற்றவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான். இப்படி மனசுக்குள் வைதுகொண்டேதான் அர்த்தநாரி அந்த எலக்ட்ரிக் கடையின் படியேறினார். யாரை வைகிறீர்கள் என்று கேட்டால் பேர் சொல்ல மாட்டார். செத்துப்போன பெண்டாட்டியின் தம்பி, அவ்வளவுதான். போன ஆடியிலிருந்து அந்தப் பேர் அவர் வாயில் வரவில்லை. வாயில் வராதது மனசில் குடக்கூலி கொடுக்காமல் குடியிருந்தது. பல் விளக்கும்போது ஒரு தரம், மெஸ்ஸில் இலைக்கு முன்னால் ஒரு தரம், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு வரைக்கும் மூச்சு விடாமல் வைது முடிக்கலாம். வெளியே சித்திரை வெயில் தார் ரோட்டைப் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் டார்ச் லைட் வாங்க வருகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அர்த்தநாரிக்கு வெளிச்சம் வேண்டியது பகலில்தான். பழைய லாரி வாங்கி விற்கிறவர் அவர். லாரிக்கு மேலே உச்சி வெயில் அடித்தாலும் அடியில் எப்போதும் அமாவாசை. விற்கிறவன் பெயிண்டை மேலே பளபளவென்று அடித்து வைத்திருப்பான், மாலைகூடப் போட்டிருப்பான். அவன் மறைத்ததெல்லாம் அடியில் இருக்கும், கிரீஸுக்குப் பின்னால், இருட்டில். நாளைக்கு ராசிபுரத்தில் ஒரு வண்டி பார்க்க வேண்டும். செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு போன வாரம் ஒரு வண்டிக்கடியில் கிடந்தபோது, எச்சில் ஒழுகிக் காதுக்குள் போனது. பார்த்துக்கொண்டு நின்ற டிரைவர் சிரித்தான். அங்கேதான் முடிவு பண்ணினார், லைட் ஒன்று வாங்கிவிடுவதென்று.

கடையில் சாந்தாமணி என்கிற அம்மாள் தனியாக உட்கார்ந்து ஏதோ ஒயரை நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும், காதில் பேனா செருகியிருந்தாள். "வாங்ணா, சொல்லுங்" என்றாள் தலையைத் தூக்காமல். "டார்ச் லைட் காட்டு அம்மிணி. எல்இடி. தெனப்படி வேலைக்கு. வெலை மட்டும் யானை வெலை சொல்லாதே, நான் யானைக்கே வெலை கேட்டவன்." அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடித்தது. சிரிக்கிற கடைக்காரன் விலையில் சிரிப்புக்கும் சேர்த்துப் போட்டிருப்பான். அவள் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேஜையில் பரப்பினாள். ஒன்று விரல் நீளத்தில், ஒன்று பட்டை வைத்துத் தலையில் கட்டுவது, ஒன்று அடியில் காந்தம் வைத்து இரும்பில் ஒட்டுவது. "எல்லாமே சார்ஜ் போடறதுதானுங். என்ன வேலைக்குங்ணா?" "லாரிக்கடியில பார்க்கோணும்." "கூட ஆள் இருக்குதுங்களா, தனியாப் பார்ப்பீங்களா? ஆள் புடிக்கறதுன்னா கையில புடிக்கறது போதும். தனியாள்னா தலையில கட்டறது, இல்லாட்டி ஒட்ட வெக்கறது எடுத்துக்கோங்." சாதாரணமாகத்தான் கேட்டாள். அர்த்தநாரிக்குப் பொட்டென்று கோபம் வந்தது. ஆள் இருந்தால் உனக்கென்ன, இல்லாவிட்டால் உனக்கென்ன? கல்யாணத்துக்கா பொண்ணு கேட்டேன், லைட்தானே கேட்டேன்? நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "எல்லாத்தையும் காட்டு" என்றார்.

தலையில் கட்டுவதை எடுத்துப் பார்த்தார். பட்டை நல்ல இழுவையாக இருந்தது, வெளிச்சமும் வெள்ளையாகத்தான் வந்தது. ஆனால் இது காட்டிக்கொடுக்கிற லைட். தலை எங்கே திரும்புகிறதோ அங்கே வெளிச்சம் போகும். விற்கிறவன் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான், இந்த ஆள் கண் எங்கே நிற்கிறதென்று. வெல்டிங் வைத்த இடத்தில் கண் நின்றதும், "அதுங்களா, சும்மா லேசா ஒரு உரசல்" என்று கதையைத் தயாராக எடுத்துவிடுவான். கதைக்கு இடம் கொடுத்தால் விலை ஏறும். அர்த்தநாரி தொழில் படித்தது பள்ளிக்கூடத்திலா? மாட்டுச் சந்தையில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற இடத்தில், சாணியை மிதித்துக்கொண்டு, மூன்று பேரிடம் உதைபட்டுப் படித்தது. ஆயிரம் பேர் சுற்றி நின்றாலும் துண்டுக்கடியில் என்ன விலை ஓடுகிறதென்று ஒருத்தனுக்கும் தெரியாது. மாட்டை விட்டு லாரிக்கு வந்தபோது துண்டை விட்டார், அந்தப் பழக்கத்தை விடவில்லை. லாரிக்கடியில் போனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுதான் சட்டம், அவர் போட்ட சட்டம். அவர் மல்லாந்து படுத்துத் தட்டிப் பார்ப்பார். அவருக்குக் கிட்டத்துப் பார்வை போய்ச் சில வருஷம் ஆகிறது. அதனால் மச்சினன் பக்கவாட்டில் குந்தி லைட்டைப் பிடிப்பான். அவர் அவனை மாப்பிள்ளை என்பார், அவன் அவரை மாமா என்பான். பார்ப்பது மாப்பிள்ளைக் கண், பேசுவது மாமன் வாய். வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் நின்றால் அங்கே கோளாறு. ஒரு தரம் அணைந்து எரிந்தால், முழுக்கப் பார்த்தாயிற்று, வண்டி சுத்தம், விலையை முடி. எத்தனை வண்டி அப்படி முடித்திருப்பார்கள்! பக்கத்தில் நிற்கிறவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு வெளிச்சத்தில் நடக்கும். வீட்டில்கூட அவனும் அவரும் அவ்வளவு பேசியதில்லை. பெண்டாட்டி செத்த பிறகு வீட்டில் பேச என்ன இருந்தது? அவன் சோறு வடிப்பான், இவர் ரசம் வைப்பார், டிவி தானாகப் பேசிக்கொண்டிருக்கும். காலையில் லாரிக்கடியில் போனால்தான் இரண்டு பேரும் வாய் மூடி, மனசு விட்டுப் பேசுவது. அந்தப் பேச்சை விற்றாயேடா.

"அது வேண்டாம் அம்மிணி, கல்லு வெட்டறவனாட்ட இருக்குது" என்று தலையில் கட்டுவதைத் தள்ளிவிட்டுக் காந்தம் வைத்ததை எடுத்தார். கடையின் இரும்பு அலமாரியில் வைத்தார். சொட்டென்று ஒட்டிக்கொண்டது. சேசிஸிலும் இப்படித்தான் ஒட்டும். ஒட்டி, வைத்த இடத்தையே வெறித்துக்கொண்டிருக்கும், அடுத்த இடத்துக்கு நகர்த்த எழுந்து, மறுபடி படுத்து, மறுபடி எழுந்து... எழுந்திருப்பதுதான் இப்போது பெரிய வேலை. போன மாசம் சங்ககிரி ஷெட்டில் ஒரு வண்டிக்கடியிலிருந்து வெளியே வரும்போது இடது தோள் பிடித்துக்கொண்டது. அப்படியே கிடந்தார். தலைக்கு மேலே அச்சு, அச்சுக்கு மேலே அத்தனை டன் இரும்பு, அதற்கு மேலே எங்கேயோ வெயில். காலைப் பிடித்து இழுத்துவிட ஆளில்லை. ஜாக்கி நழுவினால்? நழுவ வேண்டாம், நெஞ்சு ஒரு தரம் தப்பினால் போதும். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். போகிறவன் வருகிறவனெல்லாம், பாவம், மத்தியானத் தூக்கம் போலிருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்று தாண்டிப் போவான். சாயங்காலம் ஷெட் பூட்ட வருகிறவன் செருப்பைத் தட்டிப் பார்ப்பான். அன்றைக்கு அப்படி நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததும் தோள் விட்டது, வெளியே வந்து தண்ணீர் குடித்தார், யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? கோயமுத்தூரிலிருந்து மகள் போன் பண்ணினால், "சாப்ட்டீங்களாப்பா" என்று கேட்பாள், "ஆச்சு சாமி" என்பார், அதற்குள் அவளுடைய குக்கர் கூவிவிடும். இந்தக் காந்த லைட் ஒட்டிக்கொள்ளும், சரி. காலைப் பிடித்து இழுக்குமா?

"அண்ணா, அதுலயே நிக்கறீங்களே, புடிச்சுதுங்களா?" "புடிக்கற லைட்டே காட்டு. கையில புடிக்கறது." "தனியாப் பார்ப்பீங்கன்னு..." "தனியாப் பார்ப்பேன்னு நான் சொன்னனா?" குரல் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. எதிர்ச்சாரி ஜூஸ் கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். சாந்தாமணி ஒயரை வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு விரல் நீள லைட்டை நகர்த்தி, "நானூத்தி எண்பதுங். அலுமினிய பாடி, சூடு தாங்கும், கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள். இதுதான் சமயமென்று அர்த்தநாரி மஞ்சப்பையிலிருந்து பழைய லைட்டை எடுத்து மேஜையில் வைத்தார். கறுப்பு பிளாஸ்டிக், கழுத்தில் சிவப்பு வளையம். "இதை எடுத்துக்கிட்டு எவ்வளவு கொறைப்பே?" அவள் திருப்பிப் பார்த்தாள். "ரோட்டுக் கடையில வாங்கினதுங்களா?" "எங்க வாங்கினா என்ன, கொறையே இல்லாத லைட். அதைப் புடிச்சவன்தான் கொறை." அவள் பொத்தானை அமுக்கினாள். பளிச்சென்று எரிந்தது. பார்த்துக்கொள்! வீட்டிலும் இப்படித்தான். எத்தனை தரம் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். அமுக்கினால் எரியும், அமுக்கினால் அணையும், ஒரு நாளும் பொய் சொல்லாது. சாட்சி மாதிரி அதை அலமாரியில் வைத்திருந்தார். "இருங், எத்தனை நேரம் நிக்குதுன்னு பார்ப்பம்" என்று சாந்தாமணி அதை எரிய விட்டபடியே சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். சுவரில் முருகன் காலண்டருக்குக் கீழே ஒரு வட்டம் விழுந்தது.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் அர்த்தநாரிக்குச் சேலத்துக்கு அந்தப் பக்கத்து ஷெட் ஞாபகம் வந்துவிட்டது. பன்னிரண்டு சக்கர வண்டி. அவ்வளவு நீளத்தை அவர்கள் இரண்டு பேரும் அதற்கு முன் பார்த்ததில்லை, எப்போதும் ஆறு சக்கரம்தான். முன்னாலிருந்து வெளிச்சம் மெதுவாக ஓடி வந்தது. கியர் பாக்ஸ் தாண்டி, குறுக்குச் சட்டம் தாண்டி, பின் ஸ்பிரிங் பட்டைக்கு வந்தது. விற்கிறவன் செருப்பு பக்கத்தில் நின்றது, கட்டை விரலில் மருதாணி. வெளிச்சம் அணைந்தது. எரிந்தது. போதும். அர்த்தநாரி மறு பக்கம் உருண்டு வெளியே வந்துவிட்டார், முதுகைத் தட்டிக்கொண்டே விலையை ஆரம்பித்தார். அப்போது அவன், இன்னும் குந்திக்கொண்டே, "மாமா" என்றான். என்னத்துக்கு என்றான்? இவர் கையைத் தூக்கினார், வாயை மூடு என்று. அவன் மூடிக்கொண்டான். லைட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். அந்த "மாமா"வைத்தான் ஆடியிலிருந்து இவர் மென்றுகொண்டிருக்கிறார். அது கூப்பிட்ட மாமாவா, தடுத்த மாமாவா, சொல்ல வந்து பயந்த மாமாவா, இல்லை, மாமா ஏமாந்தார் என்று சிரித்த மாமாவா? வண்டி வந்து சேர்ந்த பிறகு வாங்க வந்தவனுடைய மெக்கானிக் பின் பட்டைக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டினான். சேசிஸ் முழுசாக வெட்டுப்பட்டு, உள்ளே பட்டி போட்டு வெல்டிங் வைத்திருந்தது. டீக்கடையில் இருபது பேருக்கு முன்னால் இவர் கேட்டார்: "அந்தாளுகிட்ட எவ்வளவு கமிஷன் வாங்கினே?" அவன் முகம் அப்படியே வெளுத்தது. "லைட்டு தானா அணைஞ்சுதுங் மாமா. அணைஞ்சு புடிச்சுதுங். நான் அணைக்கலீங்." "லைட்டா அணைஞ்சுது? உன் புத்தி அணைஞ்சுதுரா. அக்கா சோத்தைத் தின்னுபோட்டு அவ புருஷன் கழுத்தை அறுக்கறே." அக்காவை இழுத்திருக்க வேண்டாம். இழுத்தாயிற்று. அவன் லைட்டை டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான், சத்தம் கேட்காமல் வைத்தான், எழுந்து போனான். சங்ககிரியில் லாரி எடை போடும் மேடை ஒன்றில் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். கமிஷன் வாங்கினவன் எதற்கு எடை மேடையில் உட்கார வேண்டும் என்று ஒரு நாள் இலைக்கு முன்னால் தோன்றியது. அன்றைக்கு ரசத்தில் புளி அதிகம் என்று மெஸ்காரனோடு சண்டை போட்டார்.

"நானூத்தி ஐம்பதுங். அதுக்குக் கீழ கட்டாதுங்ணா." "முன்னூறு." "முன்னூறுக்கு மெழுகுவத்திதான் கெடைக்கும்." "மெழுகுவத்தி அணைஞ்சா ஊதினவனைத் தெரியும் அம்மிணி, லைட் அணைஞ்சா யாரைன்னு கேக்கறது?" எதற்காக இதைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை, ஆனாலும் இப்போது சிரித்துவிட்டாள். சிரித்ததும் இவருக்குத் தெம்பு வந்தது. பேரம் என்றால் அவருக்கு ரத்தம் ஓடும், தோள்வலி போகும். துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். கடைசியாகக் கையில் வைத்திருக்கிற துருப்பை எடுத்தார், முப்பது வருஷமாகத் தோற்காத துருப்பு: "சரி, விடு. ஜோடியா எடுத்தா என்ன வெலை?" ஒற்றை விலைக்கு மசியாத கடைக்காரனெல்லாம் ஜோடிக்கு மசிவான். துண்டானாலும் ஜோடி, செருப்பானாலும் ரெண்டு ஜோடி, இந்தக் கறுப்பு லைட்டையே ஜோடியாகத்தான் அவர் ரோட்டுக் கடையில் அடித்துப் பேசி வாங்கினார். மற்றது ஒரு டயருக்கடியில் நசுங்கிப்போனது. சாந்தாமணி விரலில் கணக்குப் போட்டாள். "ஜோடி எண்ணூறு." "எழுநூறு. இப்பவே கட்டு." "அண்ணா..." "எழுநூறு அம்மிணி. எழுநூறுன்னா எழுநூறு." அவள் பெருமூச்சு விட்டு இரண்டையும் எடுத்து ஒரே பையில் போட்டாள். ஜெயித்தாயிற்று. ஜெயித்த சூடு நெஞ்சில் ஏறி, பாதியிலேயே நின்றது. இரண்டு. இரண்டாவது யாருக்கு?

அந்த நிமிஷத்தில்தான் சுவரிலிருந்த வட்டம் அணைந்தது. யாரும் தொடவில்லை. சாந்தாமணியின் இரண்டு கையும் பையில் இருந்தது, இவருடைய இரண்டு கையும் மேஜையில் இருந்தது. முருகன் காலண்டருக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு. பிறகு வட்டம் தானாக வந்தது, ஒரு நடுக்கம் நடுங்கி, நின்று எரிந்தது. அணைந்து எரிந்தது. வண்டி சுத்தம், விலையை முடி. "பாத்தீங்களா" என்றாள் சாந்தாமணி, அலட்சியமாக அதைத் தொட்டுப் பார்த்து. "கொதிக்குதுங். இந்த சரக்குல அதுதான் கோளாறு. கொஞ்ச நேரம் எரிஞ்சு சூடேறுனா உள்ள விட்டுப்புடும், உடனே புடிச்சுக்கும். சட்டுனு போட்டு சட்டுனு அமுத்துனாத் தெரியாது. தொடையில ரெண்டு தட்டுத் தட்டுனா நிக்கும்." அவனும் தொடையில் தட்டினான். தட்டிக்கொண்டேதான் "மாமா" என்றான். ஆறு சக்கர வண்டிக்கெல்லாம் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அன்றைக்குப் பன்னிரண்டு. இந்த அம்மாள் சும்மா சொல்கிறாளோ, விற்கிறதற்காக? மறுபடி பார்க்கலாம், மறுபடி அணைகிறதா என்று பார்க்கலாம். அணைந்தது. அவர் கண் முன்னாலேயே, மரியாதை கெட்ட நாய் மாதிரி, அணைந்து எரிந்தது. "இதுக்கு ஒண்ணும் கொறைக்க முடியாதுங்ணா, எடுத்துட்டுப் போயிருங். ஏனுங்ணா, தண்ணி குடிக்கறீங்களா? வேர்க்குது பாருங்." "வெயிலு" என்றார். காசை எண்ணாமல் நீட்டினார். பழையதை அப்படியே மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, மீதி வாங்காமல் படியிறங்கினார். "அண்ணா, மீதி!" என்று அவள் ஓடிவந்து கையில் திணித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கண்ணைக் குத்தியது. புது லைட் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு வெயில். பழையது பையில் எரிந்துகொண்டேதான் இருந்தது, அணைக்க மறந்துவிட்டார். துணிக்குள்ளிருந்து சூடு தொடையில் பட்டது. தொட்டுக்கொண்டே நின்றார். சங்ககிரி பஸ் ஒன்று நின்றது, கண்டக்டர் கத்தினான், போனது. இன்னொன்று வந்தது, போனது. பக்கத்தில் மொச்சைக்கொட்டை விற்கிறவள், "எங்கீங் போகோணும்?" என்று கேட்டாள். போனை எடுத்தார். அந்தப் பேரைத் தேட வேண்டியதில்லை. ஆடியிலிருந்து கூப்பிடாததால் கீழே கீழே போயிருக்க வேண்டும். ஆனால் "மாப்ளே" என்று போட்டு வைத்த நம்பரை அவர் எத்தனை தரம் எடுத்து எடுத்து விட்டிருக்கிறாரோ, விரலுக்கு வழி தெரிந்திருந்தது. மணி அடித்தது. எடுக்காதே என்று ஒரு மனசு, எடுக்காமல் போய்விடாதேடா என்று ஒரு மனசு. எடுத்தான். லாரி ஒன்று எடை மேடையில் ஏறி இரும்புத் தகடு அலறும் சத்தம் கேட்டது. அவன் ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. லாரிக்கடியில் பக்கவாட்டிலிருந்து கேட்கிற அதே மூச்சு. பேசக் கூடாதென்று சட்டம் போட்டவர் இவர். அவன் இன்னும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அர்த்தநாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் இல்லாமல் வேறு எப்படிப் பேசுவதென்று அவர் எங்கே படித்தார்?

"வாயில என்னடா கொழுக்கட்டையா வெச்சிருந்தே அன்னைக்கு?" பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். "நான் கையைத் தூக்கினா நீ மூடிக்கறதா? நான் அடிச்சாலும் சொல்லியிருக்கோணுமா இல்லையா? லைட்டு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன், நீ குந்திக்கிட்டு வேடிக்கை பாத்தே. டீக்கடையில சொன்னா யாருடா நம்புவான்? இப்ப பாரு, உன்னால ரெண்டு லைட்டு வாங்கித் தொலைச்சிருக்கறேன், ரெண்டு. எனக்கு ரெண்டு கைதான் இருக்குது, ரெண்டும் தட்டிப் பாக்கறதுக்கு வேணும். கேக்குதா? நாளைக்கு ராசிபுரத்துல வண்டி. காலையில வெள்ளென வந்து சேரு. பேசக் கூடாதுங்கற சட்டமெல்லாம் இனி கெடையாது, அவன் பக்கத்துல நின்னாலும் சரி, அவங்கப்பன் நின்னாலும் சரி." மூச்சு அங்கே அப்படியே நின்றது. பைக்குள் பழைய லைட் அணைந்ததோ எரிந்ததோ, தொடையில் சூடு மட்டும் இருந்தது. "அன்னைக்கு மாமான்னு ஆரம்பிச்சியே. ஆரம்பிச்சு உட்டுட்டுப் போயிட்டியே. ஆடியில இருந்து அந்த ஒத்தை வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் ஒத்தையில கெடக்கறேன்டா. நீ ஆரம்பிச்சது, நீதான் முடிக்கோணும். வந்து மீதியைச் சொல்லு."